எண்ணும்போது இந்து, இடம் கேட்டால் தாழ்ந்த சாதி: வங்கப் பிரிவினையும் நாமசூத்திரர்களும்

ஆகஸ்ட் மாதம் பிறந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றத் தொடங்குகிறது. "முஸ்லிம்களை நம்பிப் பாகிஸ்தானுக்குப் போன தலித் தலைவரின் கதியைப் பாருங்கள்" என்ற தலைப்பில் ஜோகேந்திரநாத் மண்டலின் படம் வரும். பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர், மூன்றே ஆண்டில் உயிர் தப்பி இந்தியாவுக்கு ஓடி வந்தார், ஆகவே தலித்துகளும் முஸ்லிம்களும் ஒருபோதும் சேரக் கூடாது என்று செய்தி முடியும். மாத்தூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் எங்களோடு வேலை செய்யும் மாணவத் தோழர்கள் இதை எங்களுக்கு அனுப்பி, "இது உண்மையா?" என்று கேட்கிறார்கள்.

உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மண்டல் திரும்பி வந்தது உண்மை. அவர் திரும்பி வந்த மேற்கு வங்கத்தில் அவருடைய மக்களுக்கு என்ன நடந்தது என்பதை அந்தச் செய்தி சொல்வதில்லை. அந்த மறுபாதியையும் சேர்த்து எழுதுகிறோம்.

யார் இந்த நாமசூத்திரர்கள்?

நம்மூரில் கோபத்தில் "சண்டாளா" என்று திட்டுவார்கள். பாட்டிலும் சினிமாவிலும் அந்தச் சொல் சர்வசாதாரணமாக வரும். அது ஒரு சாதியின் பெயர் என்பதால் அதை வசையாகப் பயன்படுத்தக் கூடாது என்று தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் 2024-ல் சொல்ல வேண்டியிருந்தது. வங்காளத்தில் ஆங்கிலேயரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஒரு பெரிய உழவர் சமூகத்தை இதே பெயரில்தான் பதிவு செய்துவந்தது. அந்த மக்கள் பல ஆண்டுகள் போராடி 1911 கணக்கெடுப்பில் "நாமசூத்திரர்" என்ற பெயரைப் பெற்றார்கள்.

இவர்கள் கிழக்கு வங்கத்தின் சதுப்பு நிலங்களைத் திருத்தி நெல் விளைவித்தவர்கள். படகோட்டிகள், மீன் பிடிப்பவர்கள். பாகர்கஞ்ச் (பரிசால்), பரீத்பூர், ஜெசூர், குல்னா ஆகிய நான்கு மாவட்டங்கள்தான் இவர்களின் தாயகம். 1870-களின் தொடக்கத்திலேயே, தங்களை இழிவுபடுத்திய மேல்சாதியினருக்கு வேலை செய்ய மாட்டோம் என்று பரீத்பூர்ப் பகுதியில் மாதக்கணக்கில் வேலை மறுப்புப் போராட்டம் நடத்தியவர்கள்.

ஹரிசந்த் தாக்கூர் (1812-1878) தொடங்கிய மதுவா சமயம் இவர்களை ஒன்றுதிரட்டியது. பார்ப்பனப் பூசாரியும் வேண்டாம், வேத மந்திரமும் வேண்டாம் என்றது அது. அவர் மகன் குருசந்த் தாக்கூர் (1847-1937) ஓரகாந்தி கிராமத்தை மையமாக வைத்துப் பள்ளிகளைக் கட்டினார். நம் பக்கத்தில் அயோத்திதாசப் பண்டிதரும் இரட்டைமலை சீனிவாசனும் எழுதியும் இயங்கியும் வந்த அதே காலத்தில், அங்கே இந்த வேலை நடந்துகொண்டிருந்தது.

நிலம் யார் கையில் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கிழக்கு வங்கத்தில் ஜமீன்தார்களும் வட்டிக்கடைக்காரர்களும் பெரும்பாலும் மேல்சாதி இந்துக்கள். குத்தகைக்கு உழுதவர்கள் முஸ்லிம்களும் நாமசூத்திரர்களும். ஒரே வரப்பின் இருபுறமும் இருந்த இந்த இரு தரப்பும் சேர்ந்து போராடியதும் உண்டு, ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டதும் உண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால் அது வரலாறு ஆகாது.

மண்டலின் கணக்கு

ஜோகேந்திரநாத் மண்டல் 1904-ல் பரிசால் பகுதியில் ஓர் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். படித்து வழக்கறிஞரானார். 1937 தேர்தலில் தனித்தொகுதியில் அல்ல, பொதுத்தொகுதியில் சுயேச்சையாக நின்று காங்கிரஸ் வேட்பாளரைத் தோற்கடித்தார்.

அந்தத் தேர்தலில் வங்கச் சட்டமன்றத்தின் 250 இடங்களில் 30 இடங்கள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. பூனா ஒப்பந்தம் கொடுத்த எண்ணிக்கை இது. அந்த 30-ல் காங்கிரஸ் வென்றது சில இடங்கள் மட்டுமே. பெரும்பாலான இடங்களைச் சுயேச்சைகள் பிடித்தார்கள். யாருக்கும் கட்டுப்படாத ஒரு தலித் அரசியல் அங்கே உருவாகிக்கொண்டிருந்தது.

ஒன்பது ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1946 தேர்தலில் அண்ணலின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்கு வங்கத்தில் கிடைத்தது ஒரே இடம். அது மண்டலின் இடம். தனித்தொகுதி என்றாலும் ஓட்டு எல்லா இந்துக்களுக்கும் உண்டு. ஆகவே தலித் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் தலித்துகளின் கையில் இல்லை. தனித்தொகுதி உறுப்பினர் ஏன் நம் பிரச்சினையைச் சட்டமன்றத்தில் பேசுவதில்லை என்று இன்று நாம் கேட்கும் கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்தச் சூழலில்தான் மண்டல் முஸ்லிம் லீக்கோடு சேர்ந்தார். 1943-ல் நாஜிமுதீன் அமைச்சரவையிலும், 1946-ல் சுஹ்ரவர்தி அமைச்சரவையிலும் இருந்தார். குத்தகை உழவர்களான இரு சமூகங்களும் சேர்ந்தால் ஜமீன்தாரை வெல்லலாம் என்பது அவர் கணக்கு. 1946 அக்டோபரில் டெல்லியின் இடைக்கால அரசில் லீக் தன் பங்கில் ஓர் இடத்தை அவருக்குக் கொடுத்தது. காங்கிரஸ் தரப்பில் ஜெகஜீவன் ராம், லீக் தரப்பில் மண்டல்.

அதே 1946-ல் இன்னொன்றும் நடந்தது. அரசியல் நிர்ணய சபைக்குள் நுழைய பம்பாய் மாகாணத்தில் அண்ணலுக்கு வழி கிடைக்கவில்லை. அவரை உள்ளே அனுப்பியது வங்காளம். மண்டலும் வங்கச் சட்டமன்றத்தின் வேறு சில பட்டியல் சாதி உறுப்பினர்களும் ஓட்டுப் போட்டு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மாகாணம் பிரிந்தபோது அந்த இடம் போனது. 1947 ஜூலையில் பம்பாயிலிருந்து காங்கிரஸ் ஆதரவோடு மீண்டும் தேர்வானார். அரசமைப்புச் சட்டத்தின் கதையில் வங்கத்துத் தலித்துகளின் இந்தப் பங்கை நாம் மறந்துவிடக் கூடாது.

கோடு போட்டவர்கள்

1946 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தாவில் பெரும் படுகொலை தொடங்கியது. அக்டோபரில் நவகாளியில் இந்துக்கள் தாக்கப்பட்டார்கள். அதன் பிறகு பிகாரில் முஸ்லிம்கள். இரத்தம் காய்வதற்குள், வங்காளத்தை மத அடிப்படையில் பிரிக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது.

கவனியுங்கள், இந்தக் கோரிக்கையை உரக்க எழுப்பியது முஸ்லிம் லீக் அல்ல. லீக் முழு வங்காளத்தையும் கேட்டது. பிரிவினை கேட்டது சியாமா பிரசாத் முகர்ஜியின் இந்து மகாசபையும் வங்கக் காங்கிரஸும். 1905-ல் கர்சன் வங்காளத்தைப் பிரித்தபோது தெருவுக்கு வந்து எதிர்த்த அதே பத்ரலோக், அதாவது படித்த மேல்சாதி வர்க்கம், 1947-ல் பிரித்துக் கொடு என்றது. இடைப்பட்ட காலத்தில் மாகாண ஆட்சி அவர்கள் கையை விட்டுப் போயிருந்தது. குத்தகைச் சட்டமும் கடன் சட்டமும் ஜமீன்தாரின் பிடியைத் தளர்த்தியிருந்தன. 1946-47 அறுவடையில் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு உழுபவனுக்கே என்று தேபாகா போராட்டம் வெடித்தது. அதில் முஸ்லிம்களும் ராஜ்வம்சிகளும் நாமசூத்திரர்களும் ஆதிவாசிகளும் ஒன்றாக நின்றார்கள். கலவரத்தின் அச்சம் உண்மையானது. கூடவே பறிபோன அதிகாரத்தை ஒரு சிறிய மாகாணத்திலாவது திரும்பப் பிடிக்கும் ஆசையும் இருந்தது.

பிரிக்காதே என்று சொன்னவர்களும் இருந்தார்கள். சரத் சந்திர போஸும் சுஹ்ரவர்தியும் ஒன்றுபட்ட தனி வங்காளத் திட்டம் வைத்தார்கள். மண்டல் ஊர் ஊராகப் போய்ப் பிரிவினையை எதிர்த்துப் பேசினார். மாகாணத்தை வெட்டினால் பட்டியல் சாதியினரில் பெரும்பகுதி கிழக்கே சிக்கிக்கொள்வார்கள், வசதி உள்ளவர்கள் கல்கத்தாவுக்குப் போய்விடுவார்கள், நிலத்தை நம்பியவர்கள் எங்கே போவார்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம். குருசந்தின் பேரன் பிரமத ரஞ்சன் தாக்கூர் காங்கிரஸில் இருந்து வேறு முடிவெடுத்தார். இந்து மேற்கு வங்கமே பாதுகாப்பு என்று நினைத்த நாமசூத்திரர்களும் ஏராளம். ஒரு சமூகம் இரண்டாகப் பிரிந்து நின்றது.

1947 ஜூன் 20 அன்று வங்கச் சட்டமன்றம் ஓட்டெடுத்தது. மேற்கு மாவட்டங்களின் உறுப்பினர்கள் 58-க்கு 21 என்று பிரிவினைக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். கிழக்கு மாவட்டங்களின் உறுப்பினர்கள் 106-க்கு 35 என்று எதிர்த்தார்கள். ஆனால் விதி என்ன? இரண்டில் ஒரு பகுதி கேட்டாலே போதும், மாகாணம் பிரியும். பிரிந்தது.

எல்லை போட லண்டனிலிருந்து வந்தவர் சிரில் ராட்கிளிஃப். இந்தியாவை அதற்கு முன் பார்த்திராதவர். ஜூலை 8 அன்று வந்தார், ஐந்து வாரத்தில் வங்காளம், பஞ்சாப் இரண்டுக்கும் கோடு போட்டார். அவருக்கு உதவிய வங்க எல்லை ஆணையத்தில் நான்கு நீதிபதிகள். இரண்டு இந்து, இரண்டு முஸ்லிம். தலித் என்று ஒருவரும் இல்லை.

ஆனால் தலித்துகளின் எண்ணிக்கை அங்கே இருந்தது. 1941 மக்கள்தொகைக் கணக்கை மேசையில் வைத்து, எந்த மாவட்டத்தில் எத்தனை இந்து, எத்தனை முஸ்லிம் என்று வாதாடினார்கள். கிழக்கின் எந்த மூலைக்கு உரிமை கேட்டாலும் அங்கே "இந்து" என்ற தலைப்பின் கீழ் நிரம்பியிருந்தவர்கள் நாமசூத்திரர்கள். கோயிலுக்குள் விடாதவர்கள், கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவர்கள், கணக்கெடுக்கும்போது மட்டும் இவர்களை இந்து என்று சேர்த்துக்கொண்டார்கள்.

தீர்ப்பு ஆகஸ்ட் 17 அன்று வெளியானது. இந்துக்கள் நூலிழையில் பெரும்பான்மையாக இருந்த குல்னாவில் ஆகஸ்ட் 15 அன்று இந்தியக் கொடி ஏற்றியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து அது பாகிஸ்தான் என்று தெரிந்தது. முஸ்லிம்கள் பெரும்பான்மையான முர்ஷிதாபாத் இந்தியாவுக்கு வந்தது. நாமசூத்திரர்களின் நான்கு மாவட்டங்களும், ஜெசூரின் பொங்காவ்ன் போன்ற சிறு பகுதி தவிர, பாகிஸ்தானுக்குள் போயின.

அங்கே நடந்தது

1947 ஆகஸ்ட் 10 அன்று கராச்சியில் பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபை கூடியது. அதற்குத் தற்காலிகத் தலைவராக அமர்ந்தவர் மண்டல். பிறகு சட்டம், தொழிலாளர் துறைகளின் அமைச்சரானார். அந்த மரியாதை வெகுநாள் நீடிக்கவில்லை.

மேற்குப் பாகிஸ்தானில் தூய்மைப் பணி செய்த தலித்துகள் இந்தியாவுக்குக் கிளம்பியபோது, அவர்கள் "அத்தியாவசியப் பணியாளர்கள்", போக முடியாது என்று தடுத்தார்கள். போய்விட்டால் கராச்சியின் தெருவையும் கழிப்பறையையும் யார் சுத்தம் செய்வது? பாபாசாகேப் 1947 டிசம்பரில் நேருவுக்கு இதைப் பற்றிக் கடிதம் எழுதினார். பாகிஸ்தானில் உள்ள பட்டியல் சாதியினர் கிடைத்த வழியில் இந்தியாவுக்கு வந்துவிட வேண்டும், லீக்கை நம்ப வேண்டாம் என்று அதற்கு முன்பே அறிக்கையும் விட்டிருந்தார். வாட்ஸ்அப் செய்தி அந்த அறிக்கையை மட்டும் மேற்கோள் காட்டும். அதே காலத்தில் அவர் இன்னொன்றையும் நேருவிடம் முறையிட்டார்: தப்பி வந்த தலித் அகதிகளுக்கு இந்தியப் பக்கத்திலும் முகாமும் நிவாரணமும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. இதை அந்தச் செய்தி விட்டுவிடும்.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்ததை நாம் பார்த்தோம். அவர்களின் கை அத்தியாவசியம், அவர்களின் வாய் அத்தியாவசியம் அல்ல என்ற பார்வை எல்லைக் கோட்டின் இருபுறமும் ஒன்றுதான்.

கிழக்கே நிலைமை மோசமானது. 1949 மார்ச்சில் பாகிஸ்தான் தன் குறிக்கோள் தீர்மானத்தின் மூலம் மத அரசை நோக்கி நகர்ந்தது. 1949 டிசம்பரில் குல்னா மாவட்டத்தின் கால்ஷிரா கிராமத்தில் நாமசூத்திரர்கள் மீது காவல்துறையும் கும்பலும் வெறியாட்டம் ஆடின. 1950 பிப்ரவரியில் டாக்கா, பரிசால் என்று கலவரம் பரவியது. 1950 அக்டோபரில் மண்டல் கல்கத்தாவிலிருந்து தன் ராஜினாமா கடிதத்தை எழுதினார். கொலை, கொள்ளை, பாலியல் வன்கொடுமை என்று ஊர் ஊராகக் குறிப்பிட்ட நீண்ட கடிதம் அது. அது பொய்க் கடிதம் அல்ல. முஸ்லிம் தோழர்களோடு ஒற்றுமை வேண்டும் என்பதற்காக அதை மூடி மறைக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. மத அரசு சிறுபான்மையினருக்கு என்ன செய்யும் என்பதற்கான சாட்சியம் அது. எந்த மதத்தின் அரசானாலும்.

இங்கே நடந்தது

இனி வாட்ஸ்அப் சொல்லாத பாதி.

பிரிவினையின்போது முதலில் வந்தவர்கள் மேல்சாதியினர். கல்கத்தாவில் அவர்களுக்கு உறவினர் உண்டு, படிப்பு உண்டு, அரசு வேலை உண்டு. ஜாதவ்பூர்ப் பக்கம் காலி நிலங்களைப் பிடித்துக் குடியிருப்புகள் கட்டினார்கள். சட்டப்படி அது ஆக்கிரமிப்பு. போராடினார்கள், காலப்போக்கில் அரசு அவற்றை அங்கீகரித்தது. அதைத் தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. வீடு இழந்தவன் வீடு கட்டுவது நியாயம்தான்.

நாமசூத்திர உழவர்கள் பெருந்திரளாக வந்தது 1950-க்குப் பிறகு. அவர்களிடம் இருந்தது உழவும் படகும் மட்டுமே. அவர்களை முகாம்களில் அடைத்தார்கள். மேற்கு வங்கத்தில் இடமில்லை என்றார்கள். சிலரை அந்தமானுக்கு அனுப்பினார்கள். 1958-ல் தண்டகாரண்யத் திட்டம் வந்தது. ஒடிசாவின் கோராபுட், மல்கான்கிரி, அன்றைய மத்தியப் பிரதேசத்தின் பஸ்தர். ஆற்று நீரிலேயே வாழ்ந்த மக்களைக் கல்லும் காடுமான வறண்ட மேட்டுக்கு ஏற்றினார்கள். அதுவும் ஆதிவாசிகளின் நிலம். நிலமற்ற தலித்தைக் கொண்டுபோய் ஆதிவாசியின் காட்டில் இறக்கிவிட்டு இருவரையும் மோதவிட்டது அரசு.

கோடு போடும்போது "இந்து" என்று எண்ணப்பட்டவர்கள், நிலம் கேட்டபோது தங்கள் சாதிக்குத் திரும்பிப் போனார்கள். நாங்கள் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

எதிர்க்கட்சியாக இருந்தபோது, அகதிகளை வங்கத்துக்கு வெளியே அனுப்பக் கூடாது என்று போராடியவர்கள் இடதுசாரிகள். 1977-ல் ஜோதிபாசு தலைமையில் அவர்கள் ஆட்சிக்கு வந்ததும், நம் அரசு வந்துவிட்டது என்று நம்பி, 1978-ல் தண்டகாரண்யத்திலிருந்து அகதிகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். பலரை வழியிலேயே மடக்கித் திருப்பி அனுப்பினார்கள். சுமார் 30,000 பேர் சுந்தரவனத்தின் மரிச்ஜாபி தீவை அடைந்தார்கள். அரசிடம் ஒரு பைசா வாங்காமல் கரை கட்டினார்கள், குழாய்க் கிணறு போட்டார்கள், பள்ளிக்கூடமும் மருத்துவ மையமும் படகு கட்டும் பட்டறையும் அமைத்தார்கள்.

இது பாதுகாக்கப்பட்ட காடு, புலிகளின் இடம் என்றது அரசு. 1979 ஜனவரி கடைசி வாரத்தில் 144 தடை உத்தரவு போட்டுக் காவல்துறைப் படகுகளால் தீவைச் சுற்றி வளைத்தது. அரிசியும் குடிநீரும் மருந்தும் உள்ளே போகவில்லை. ஜனவரி 31 அன்று துப்பாக்கிச் சூடு. மே மாத நடுவில் குடிசைகளைக் கொளுத்தி எல்லோரையும் வெளியேற்றினார்கள். அரசு ஒப்புக்கொண்ட சாவுகளை விரல் விட்டு எண்ணலாம். பிழைத்தவர்கள் நூற்றுக்கணக்கில் என்கிறார்கள், அதற்கும் மேல் என்போரும் உண்டு. இதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

ஜாதவ்பூரில் குடியிருப்பு, மரிச்ஜாபியில் ஆக்கிரமிப்பு. இந்த வேறுபாடு நமக்குப் புதிதா? கூவம், அடையாறு கரைகளிலிருந்து "ஆற்றைக் காப்பாற்ற" என்று சொல்லிப் பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப் போடப்பட்டவர்கள் எந்தச் சாதியினர் என்று எண்ணிப் பாருங்கள்.

கணக்கு இன்னும் முடியவில்லை

மண்டல் இந்தியாவில் தேர்தல்களில் நின்றும் வெல்லவில்லை. பாகிஸ்தான்காரர் என்ற சந்தேகம் கடைசி வரை அவரைத் தொடர்ந்தது. 1968-ல் எல்லையோர ஊரான பொங்காவ்னில் இறந்தார். அவரை வைத்துத் தலித்துகளுக்குப் பாடம் நடத்துபவர்கள், அவர் உயிரோடு இருந்தபோது அவருக்கு ஓர் இடம் கொடுக்கவில்லை.

2003-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, ஆவணமின்றி வந்தவர்களையெல்லாம் "சட்டவிரோதக் குடியேறிகள்" ஆக்கினார்கள். கலவரத்துக்கு அஞ்சி இரவில் ஆறு தாண்டியவரிடம் ஏது ஆவணம்? மதுவா மக்கள் எதிர்த்துப் பட்டினிப் போராட்டம் நடத்தினார்கள். பிறகு 2019-ல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. எந்த மதம் என்று சொன்னால் குடியுரிமை. மறுபடியும் அதே தந்திரம்: தலித் அகதியின் கண்ணீரைக் காட்டி முஸ்லிமை வெளியே தள்ளும் சட்டம். 2025-ல் ஒடிசா, ஹரியானா, டெல்லியில் வங்கமொழி பேசும் தொழிலாளர்களைப் பிடித்து "பங்களாதேஷியா?" என்று விசாரித்தார்கள். எண்ணூரிலும் மணலியிலும் நம்மோடு வேலை செய்யும் வங்கத் தோழர்கள் சட்டைப் பையில் அடையாள அட்டையோடு திரிவது அதனால்தான்.

அந்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. மாத்தூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் புழலிலும், வடக்கே கும்மிடிப்பூண்டியிலும் ஈழ அகதிகள் முகாம்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டு முகாம்களில் கணிசமானோர் மலையகத் தமிழர். தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், பலர் தலித்துகள். 1948-ல் இலங்கை இவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964-ல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் இவர்களைப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்டவர்கள் அந்த மக்களில் ஒருவரையும் கேட்கவில்லை. வங்காளத்தில் மதத்தை வைத்து எண்ணியதும், இங்கே தலைகளை எண்ணிப் பிரித்ததும் ஒரே மனப்பான்மைதான்.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை அந்தச் செய்தி வந்தால் மண்டலின் ராஜினாமா கடிதத்தை முழுதாகப் படியுங்கள். கூடவே மரிச்ஜாபியையும் படியுங்கள். மண்டல் ஏமாளி, தாக்கூர் புத்திசாலி என்றோ, மண்டல் புரட்சியாளர், தாக்கூர் துரோகி என்றோ தீர்ப்பு எழுதுவது எளிது. இருவருமே மற்றவர்கள் வைத்த இரண்டு கதவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது கதவு, அதாவது தன் ஓட்டால் தன் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, 1932-லேயே மூடப்பட்டுவிட்டது.

பரிசாலில் பிறந்து அகதி முகாமில் வளர்ந்து, சிறையில் எழுத்துக் கற்று, ரிக்‌ஷா ஓட்டி, பின்னர் வங்கத்தின் முக்கியமான தலித் எழுத்தாளராகி, 2021-ல் சட்டமன்றத்துக்கும் போனவர் மனோரஞ்சன் பியாபாரி. கோடு போட்டவர்களின் ஆவணங்களில் வெறும் எண்ணாக இருந்தவர்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதத் தொடங்கி வெகுநாளாகிறது. நம் பகுதியின் மலையகப் பாட்டிகளிடமும் வங்கத் தொழிலாளர்களிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதும் வேலை நமக்கு இருக்கிறது. விடுமுறையில் நேரம் இருப்பவர்கள் வாருங்கள், சேர்ந்து செய்வோம்.

நம்மை யார் எண்ணுகிறார்கள், எந்தத் தலைப்பின் கீழ் எண்ணுகிறார்கள், எண்ணி முடித்த பிறகு என்ன தருகிறார்கள். இந்த மூன்று கேள்விகளையும் விடாமல் கேட்போம்.

ஜெய் பீம்.